ஆறிப்போன அறுபத்தொரு டீ

என் வீட்டு வாசலிலிருந்து காட்டு கேட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழைக்காலத்தில் சகதியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அப்போது நானூற்று முப்பதைத் தாண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கேட் கிடையாது. ஒரு மண்பாதை, இரண்டு பக்கமும் உன்னிச்செடி, அதற்கப்புறம் காடு, அவ்வளவுதான். இப்போது பச்சை பெயின்ட் அடித்த இரும்பு கேட் நிற்கிறது. திறக்கும்போது எழும் கிறீச்சென்ற சத்தம் என் கட்டில் வரைக்கும் வரும். கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி மூன்று முறை சொல்லிவிட்டேன். விடவில்லை.

அந்த கேட் அங்கே வந்ததில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு.

நான் கணக்கு வாத்தியார். பாளையங்கோட்டையில் பிறந்து, படித்து, முப்பத்தெட்டாவது வயதில் மாற்றலாகி மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அங்கே பாதி, இங்கே பாதி, இந்த வருஷத்தோடு சரி. ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டைக்கே போய்விடலாம் என்று மனைவி சொன்னாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது, காற்று இருக்கிறது என்று நான்தான் இழுத்துப் பிடித்தேன். அவள் இறந்து ஆறு வருஷம். பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். ஆக, அவள் சொன்ன இடத்துக்கு அவள் போய்விட்டாள். மகன் புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். ஒன்பது நிமிடம், பத்து நிமிடம். அதில் பாதி, மாத்திரை சாப்பிட்டேனா என்பது.

இந்த ஊரில் என்னிடம் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். ஊரில் அவரை மடைக்காரர் என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையைக் கல்லடுக்கி மறித்து, எங்கள் குளத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் இடம் காட்டுக்குள்ளே இருக்கிறது. அதைத் தலைமடை என்பார்கள். அங்கே போய் அடைத்துக்கிடக்கும் தழையையும் மணலையும் வாரிப்போட்டு, கல் புரண்டிருந்தால் நிமிர்த்தி வைத்து வருவது அவர் வேலை. ஊர்க்காரர்கள் கூடி அவரிடம் விட்ட வேலை அது. அதற்காகக் களத்தில் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் கொடுப்பார்கள். அவருக்கும் குளத்துக்குக் கீழே கடைசி மடையில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் வயல் உண்டு. என்னைவிட எட்டு வயது சின்னவர். தலைமடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நாலரை மணிக்கு என் வீட்டுக்குள் வருவார். காலைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவார். நான் டீ போடுவேன். அவருக்கு இரண்டு கரண்டிச் சீனி, எனக்குச் சீனி கிடையாது. பேச்சு அதிகம் இருக்காது. ஓடையில் தண்ணீர் எத்தனை சாண் என்று அவர் சொல்வார். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு அந்தக் கணக்கு என்னிடம் இருக்கிறது.

இனி கூட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற காடு, புலிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட காப்பகத்தைச் சேர்ந்தது. காப்பகத்து ஆட்கள் ஒரு நாள் வந்து, காட்டு ஓரத்து ஊர்க்காரர்களைக் கலந்து பேசப்போவதாகவும், கருத்துகளைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள் என்றும் சொல்லி, நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். சமுதாய நலக்கூடத்தில் கூட்டம். காலை பதினொரு மணி என்று போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்குத் தொடங்கியது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி எண்பது. அதில் நாலுக்குக் கால் உடைந்திருந்தது. அதிகாரிகள் ஐந்து பேர். ஊர்க்காரர்கள் என்னோடு சேர்த்து அறுபத்து நாலு. ஆண்கள் நாற்பத்தொன்று, பெண்கள் இருபத்து மூன்று.

தலைமை அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கூட்டக் குறிப்பு எழுத ஒருவர் வேண்டும், ஊர்க்காரராகவே இருந்தால் நல்லது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று இந்த ஊரில் ஒரு பேர். நான் முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதிகாரி ஐந்து விஷயங்களை வாசித்தார். நாலு விஷயம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஐந்தாவது கேட். யானை இறங்குகிற பாதை என்பதால் அந்த மண்பாதையில் கேட் போட்டுப் பூட்டப்போகிறார்கள். தலைமடைக்குப் போகவேண்டியவர்கள் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோதனைச் சாவடிக்குப் போய், பதிவேட்டில் எழுதி, சாவி வாங்கிக்கொண்டு வந்து, போய்விட்டுத் திரும்பக் கொடுக்கவேண்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். மின்விசிறிச் சத்தம்தான்.

பிறகு டீ வந்தது. பேப்பர் கப்பில் ஊற்றி எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். கொடுத்ததை எல்லோரும் மரியாதையாக வாங்கினார்கள். வாங்கி, அவரவர் நாற்காலிக்குக் கீழே வைத்தார்கள். அதிகாரி நன்றி சொல்லிக் கூட்டம் முடிந்தது. வருகைத் தாளில் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் போனபின் நாற்காலிகளுக்குக் கீழே பார்த்தால் கப் கப்பாக டீ அப்படியே இருக்கிறது. ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு பாலும் சீனியும் வீணாகிறதே என்று வரிசை வரிசையாக எண்ணினேன். அறுபத்தொன்று. ஊர்க்காரர்களில் குடித்தது மூன்று பேர். நான், மைக் செட் போட்டவர், வார்டு உறுப்பினர்.

எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன். கலந்துகொண்டோர் அறுபத்து நால்வர். ஆட்சேபணை தெரிவித்தோர் எவருமில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். காப்பி கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட்டு எழுந்து போவார்கள். காப்பி ஆறிக்கிடக்கும். பெண் வீட்டார் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். யாரும் யார் முகத்துக்கு நேராகவும் வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை. நிலம் வாங்கும் பேச்சிலும் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பங்களில் அப்படிக் கிடையாது. நாங்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கடிதத்தில் இல்லை என்போம்.

ஆனால் அரசாங்கக் கூட்டத்திலும் அது செல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. மைக் இருக்கிறது, அதிகாரி மூன்று முறை கேட்கிறார், வேண்டாம் என்றால் எழுந்து சொல்லவேண்டியதுதானே என்று நினைத்தேன். அவர்களோ சொல்லியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதுவும் முன் வரிசையில் சார்வாள் உட்கார்ந்திருக்கிறார், எதையும் எண்ணாமல் விடாத மனிதர், அவர் எழுதிவிடுவார் என்ற தைரியத்தில்.

ஒன்றரை மாதத்தில் கேட் வந்தது. கேட்டோடு ஒரு தகரப் பலகையும் வந்தது. கலந்தாய்வுக் கூட்டத்தில் ஊர் மக்கள் அனைவரின் ஒப்புதலோடு அமைக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். நான் எழுதியது ஆட்சேபணை இல்லை என்று. அவர்கள் எழுதியது ஒப்புதல் என்று. இரண்டும் ஒன்றல்ல என்று அன்று மாலை மடைக்காரரிடம் விளக்க ஆரம்பித்தேன்.

அவர் அன்று காலைக் கழுவவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தன டீயும் ஆறிக் கெடந்துதே, சார்வாள் எண்ணியிருப்பியள்லா?" என்றார்.

"எண்ணினேன். அறுபத்தொன்று."

"பொறவு?"

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். மறுநாள் நாலரைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரத்துக்கு இரண்டு பேருக்கு டீ போட்டேன். பிறகு ஒரு டம்ளருக்குப் பால் அளக்கக் கற்றுக்கொண்டேன். அது அவ்வளவு சுலபமில்லை. கை பழகிய அளவுக்கே போகிறது.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம். டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்வார்கள். முன்பு என் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் இப்போது பத்திரிகையைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் அவர்களே வாசித்துக்கொண்டார்கள். ஒரு நாள் கடைக்காரர் மட்டும், "சார்வாளுக்கு ஒரு டீ. அவிய எல்லா எடத்துலயும் குடிப்பாவ" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் இருமினார். அதோடு நான் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் பிசானம் என்கிற மழைக்கால நெற்பயிர் நன்றாகத்தான் ஏறியது. கார்த்திகையில் நல்ல மழை. தையில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், எதிர்பாராமல் மலையில் ஒரு மழை கொட்டி ஓடை புரண்டு வந்தது. அடுத்த நாளிலிருந்து குளத்துக்கு வரும் கால்வாயில் தண்ணீர் இல்லை. தலைமடையில் ஏதோ அடைத்திருக்கிறது. மடைக்காரர் சைக்கிளில் சாவடிக்குப் போனார். சாவி வைத்திருக்கும் காவலர் விலங்குக் கணக்கெடுப்புக்கு உள்காட்டுக்குப் போயிருந்தார். சாவி இருந்த மேசை டிராயரின் சாவி அவர் இடுப்பில். நாளை வாருங்கள் என்றார்கள். மடைக்காரர் ஐந்து நாள் போனார், வந்தார். என் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தான் சைக்கிள் போகும். பத்து தடவை என் ஜன்னலைக் கடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு வழக்குப் போடுவோம் என்று அந்தத் தகரப் பலகையிலேயே கீழே எழுதியிருக்கிறது. ஊர் மக்கள் அனைவரின் ஒப்புதலோடு.

ஆறாம் நாள் கேட் திறந்தது. அடைத்திருந்தது ஒரு மரக்கிளையும் இரண்டு கூடை மணலும். ஒரு மணி நேர வேலை. அதற்குள் கடைசி மடை வயல்கள் காய்ந்து, பால் பிடித்த கதிர் அப்படியே சுருங்கிவிட்டது. அறுப்பன்று களத்துப் பக்கம் போனேன். யாரும் என்னை அழைக்கவில்லை, நானாகப் போனேன். மடைக்காரரும் அவர் மனைவியும் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றில் பதர் பறந்து என் சட்டையிலெல்லாம் ஒட்டியது. மற்ற வருஷம் இருபத்தெட்டு மூட்டை கட்டுகிற வயல். பதினொன்று கட்டினார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்காதிய சார்வாள், பைய வீட்டுக்குப் போங்க" என்றாள். அந்தக் குரலில் கோபமே இல்லை. தெரியாத ஊரில் தெரியாத பெண் ஒரு கிழவனிடம் சொல்வது போல இருந்தது.

அன்றிரவே கடிதம் எழுதத் தொடங்கினேன். கூட்டக் குறிப்பில் எண்கள் சரி, பொருள் பிழை, அந்தப் பிழை என்னுடையது, திருத்தவேண்டும் என்று எழுதினேன். மாதத்துக்கு ஒன்றாக மொத்தம் ஏழு கடிதம். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்று. பிறகு நேரில் போக ஆரம்பித்தேன். திருநெல்வேலிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம், ஜங்ஷன் பக்கத்தில் நெரிசல் இருந்தால் இரண்டேகால். முதல் மூன்று முறையும் அதிகாரி இல்லை. ஒவ்வொரு முறையும் திரும்புகிற வழியில் பாளையங்கோட்டையில் இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவளிடமும் சொன்னேன். அவளாக இருந்தால் அன்றே அந்த டீக் கப்புகளைப் பார்த்து, என்னவோ சரியில்லையே என்று சொல்லியிருப்பாள். அவளுக்கு எண்ணத் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரியும்.

நாலாவது முறை போனபோது அதிகாரி மாறியிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். இந்தப் பக்கத்துக்காரர் அல்ல. பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லி, என் அச்சுக் கையெழுத்தை என் முன்னாலேயே வாசித்தார். நான் அறுபத்தொரு டீயைப் பற்றிச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அன்றைய தேதியில், கூட்டத்துக்கு வந்தோர், நாற்காலி, மிஞ்சிய டீ என்று எல்லாம் குறித்திருக்கிறேன்.

"குடிக்காம வச்சதை எப்படி சார் ரெக்கார்டுல எழுதறது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை என்றேன். ஆனால் எழுதாமல் விட்டதால் ஒருவருக்குப் பதினேழு மூட்டை போயிற்று என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, யானை இறங்குவது உண்மை, கேட்டை எடுக்க முடியாது, ஆனால் சாவியைப் பற்றிப் பேசலாம், இன்னொரு கூட்டம் போடுகிறேன், ஆட்களை வரவைப்பது உங்கள் பொறுப்பு என்றார்.

அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு வந்து, நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நாற்பத்தேழு வீடு. மூன்று நாள் ஆயிற்று, முழங்கால் வலியால். நோட்டீஸை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். உட்காரச் சொன்னவர்கள் ஒன்பது வீடு. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. சித்திரை வெயில். இந்த ஊரில் கொரியர்காரருக்குக்கூடச் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். மடைக்காரர் வீட்டில் அவர் இல்லை. நோட்டீஸைத் திருகையின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

இருந்தும் கூட்டத்துக்கு ஐம்பத்தெட்டு பேர் வந்தார்கள், என்னோடு சேர்த்து. உடைந்த நாற்காலி இப்போது ஏழு. மடைக்காரர் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தார். குறிப்பு எழுத மறுபடியும் என்னையே உட்காரவைத்தார் அந்தப் பெண் அதிகாரி. பின்னால் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அதிகாரி மைக்கை வாங்கவில்லை. நடுவில் நின்று பேசினார். போன முறை நீங்கள் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை, இந்த முறை புரிந்துகொள்ளப் பார்க்கிறேன், அதனால் பேச்சு முடிந்தபிறகு டீ வராது, பேசும்போதே வரும் என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "சீனி போட்டிருக்கா தாயி?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் சிரிப்பு.

டீயைக் கையில் கொடுத்து முடித்ததும் அதிகாரி தன் யோசனையைச் சொன்னார். கேட் இருக்கும். ஆனால் இரண்டாவது சாவி ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கும். போகிறவர்கள் பேரையும் நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம், சாவடிக்குப் போகவேண்டாம். யானை நடமாட்டம் இருந்தால் போனில் சொல்வார்கள், அன்று மட்டும் போகக்கூடாது. "சாவியும் பதிவேடும் சார் வீட்டுல இருக்கட்டும். கேட்டுக்குப் பக்கமா இருக்கார், எதையும் விடாம எழுதுவார்" என்றார்.

எனக்கு முன்கூட்டி அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா என்பது நிச்சயமில்லை. அந்த நிமிடத்தில் சந்தோஷம்தான் வந்தது. தினமும் யாராவது என் வீட்டுக்கு வருவார்கள். காலையில் சாவி வாங்க ஒரு முறை, கொடுக்க ஒரு முறை. நாலரைக்கு மடைக்காரர் வந்தே ஆகவேண்டும். இப்படி ஒரு நொடிக்குள் எவ்வளவோ கணக்குப் போட்டுவிட்டேன். கையிலிருந்த கப்பை உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் குனிந்து கப்பை நாற்காலிக்குக் கீழே வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வைத்தார். வரிசையாக, அவசரமில்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் எல்லோரும் வைத்தார்கள். சீனி கேட்ட கிழவியும் வைத்தாள். கடைசியாக மடைக்காரர் சுவரோரமாக வைத்தார். அதிகாரி அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்பதை நான்தான் சொல்லவேண்டும் என்பது போல.

எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐம்பத்தேழு. என் கையில் இருந்தது ஒன்று. அதை நான் கீழே வைத்தேன். ஐம்பத்தெட்டு.

எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் நின்ற பழக்கத்தில் குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. "அம்மா, சாவி ஊரில் இருப்பதில் இவர்களுக்கு மறுப்பில்லை. என் வீட்டில் இருப்பதில்தான் மறுப்பு. வேறு இடம் சொல்லுங்கள்" என்றேன்.

இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை சார்வாள் என்று ஒருவராவது சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தேன் என்பதும் உண்மை. மின்விசிறி ஓடியது. பிறகு பின்னாலிருந்து மடைக்காரர் குரல் வந்தது. "எங்கிட்ட இருக்கட்டும். நாந்தானே போறேன். எழுத எனக்கும் தெரியும்" என்றார். என்னைப் பார்த்து அல்ல, அதிகாரியைப் பார்த்து.

அதிகாரி சரி என்றார். கிழவி முதலில் குனிந்து கப்பை எடுத்தாள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். உறிஞ்சுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மிச்சம் வைத்தவர் ஒருவரும் இல்லை. என் கப்பில் பாலேடு படிந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு நானும் குடித்தேன்.

குறிப்பில் இப்படி எழுதினேன். கலந்துகொண்டோர் ஐம்பத்தெண்மர். இரண்டாம் சாவியை ஊரில் வைக்க எல்லோரும் சம்மதம். ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் வைக்க ஆட்சேபணை தெரிவித்தோர் ஐம்பத்தெண்மர். தெரிவித்த விதம், தேநீர் அருந்தாமை. மடைக்காரர் வீட்டில் வைக்க எல்லோரும் சம்மதம். அதிகாரி அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தெட்டில் உங்களையும் சேர்த்திருக்கிறீர்களே என்றார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார். பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். இந்த முறை போடுவதற்கு முன்னால் எல்லோரும் வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஐம்பது நிமிடம் பிடித்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

அந்தத் தகரப் பலகையை மாற்றிவிட்டார்கள். சாவி ஊருக்குள் வந்து ஒரு பிசானம் முடிந்துவிட்டது. மடைக்காரருக்கு இருபத்தாறு மூட்டை என்று டீக்கடைக்காரர் தெருவில் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. காலை ஏழு மணிக்கும் மாலை நாலரைக்கும் கேட் கிறீச்சிடும். அதை வைத்து மடைக்காரர் போனதும் வந்ததும் எனக்குத் தெரியும். ஓடையில் தண்ணீர் எத்தனை சாண் என்று மட்டும் தெரியாது. நோட்டில் அந்தப் பத்தி இரண்டரை வருஷமாகக் காலியாக இருக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை நாலரைக்கு கேட் சத்தம் கேட்டது. வழக்கமாக அதன்பின் நாலு நிமிடத்தில் அவர் ஜன்னலைக் கடந்துபோவார். போகவில்லை. வாசலில் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கையில் அந்தப் பதிவேடு. பக்கம் தீர்ந்துவிட்டது, புதுநோட்டுக்குக் கோடு போட்டுத் தரவேண்டும், தனக்குக் கோடு கோணுகிறது என்றார். ஸ்கேல் எடுத்துவந்து போட்டேன். தேதி, பெயர், போன நேரம், வந்த நேரம். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. அவர் எழுதியிருந்த பழைய பக்கங்களைப் புரட்டினேன். கோடு கோணல்தான், ஆனால் ஒரு நாளும் விடவில்லை. ஓரத்தில், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே சின்னதாக ஓர் எண் எழுதியிருந்தார். ஐந்து, ஐந்து, நாலரை, ஆறு. என்னவென்று நான் கேட்கவில்லை. சாண் கணக்கு அது.

பால் இருந்தது. அன்றைக்கு ஏனோ கை பழைய அளவுக்கு ஊற்றியிருந்தது. இரண்டு கரண்டிச் சீனி போட்டு டம்ளரை அவர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை. நான் கடைசிப் பக்கம் வரைக்கும் கோடு போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மழை வருமா என்று ஒரு முறை கேட்டார். வராது என்றேன். நோட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வாரேன் சார்வாள்" என்று எழுந்து போனார்.

இருபத்து மூன்று நிமிடம் இருந்திருக்கிறார்.

டீ ஆறியிருந்தது. கொட்ட மனமில்லை. எனக்குச் சீனி ஆகாது என்று தெரிந்தும் குடித்தேன். இப்போது அந்தப் புதுநோட்டுக்கு எத்தனை பக்கம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்பது பக்கம். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. நாளுக்கு ஒரு வரி என்றால் ஐந்தரை வருஷம் வரும். அது தீர்ந்து அவர் மறுபடி வரும்போது எனக்கு எண்பத்தொன்றரை ஆகியிருக்கும். அடுத்த முறை சின்ன நோட்டாக வாங்கி வைக்கவேண்டும்.